ஒன்பதாம் டேங்கில் பனி

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கவிப்பிரியா ஷட்டரைத் தூக்கினாள். ஷெட்டுக்குள் சத்தமே இல்லை.

அங்கே அமைதி இருக்கக் கூடாது. ஒன்பதாம் டேங்கின் தலையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, தரையிலுள்ள தண்ணீர் வாளிக்குள் முடிகிறது. திராட்சைச் சாறு நொதிக்கும்போது எழும் வாயு அந்த வழியாக வந்து வாளியில் குமிழிடும். புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பியபோது வாளி உலைப்பானை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. இன்று அதில் ஒரு செத்த கொசு மட்டும் அசையாமல் மிதந்தது.

டேங்கில் கை வைத்தாள். எஃகு சில்லென்றது. வெளிப்புறமெங்கும் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. கீழ்க் குழாயைத் திறந்து ஒரு ஜாடி பிடித்து வெப்பமானியை விட்டாள். இருபத்தைந்து காட்ட வேண்டியது ஒன்பது காட்டியது.

மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய ஒயின் ஆலையில் நான்கு வருடமாக அவள்தான் நொதிப்பாளர். கம்பத்திலிருந்து லாரியில் வரும் பன்னீர் திராட்சையை நசுக்கி, தோலோடும் சாறோடும் டேங்கில் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு வேலை செய்வது ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் சர்க்கரையைத் தின்று ஒயினாக்கும். அவற்றுக்குச் சூடு ஏறாமல், குளிர் அண்டாமல், மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் கவிப்பிரியாவின் வேலை. அக்கம்பக்கத்தில் கேட்டால் அவள் அம்மா வேம்புலியம்மாள், "ஜூஸ் கம்பெனி" என்று சொல்லிவிடுவாள். பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை.

டேங்குக்குள் இப்போது என்ன நடந்திருக்கும் என்று அவளால் பார்க்க முடிந்தது. பனியையே பார்த்திராத ஓர் ஊரில் ஒரே இரவில் பனி கொட்டியிருக்கிறது. கடைவீதியில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள், அடுப்படியில் நின்றவர்கள், எல்லோரும் அப்படியப்படியே சரிந்து, அடியில் ஒருவர் மேல் ஒருவராகத் தூங்குகிறார்கள். ஐயாயிரம் லிட்டர் ஊர். சாற்றில் சர்க்கரை இன்னும் நூற்றுக்கு எட்டு பங்கு மிச்சம் இருந்தது. சில நாட்களுக்குள் இவர்களை எழுப்பாவிட்டால் வேறு கிருமிகள் வந்து குடியேறும். பிறகு கிடைப்பது புளிக்காடி.

"இன்னாம்மா கவி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

பொன்னியம்மா கம்பூட்ஸில் காலை நுழைத்தபடி வந்தாள். டேங்க் கழுவுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளே இறங்கினால் பாட்டுப் பாடிக்கொண்டேதான் ஏறுவாள்.

"டேங்க் நின்னுடுச்சுக்கா. ஒன்பது டிகிரி."

"அது எப்டி நிக்கும்? அதான் பெங்களூர்ல கண்ணு முழிச்சிகினு ஒரு மிசினு பாக்குதாமே."

கவிப்பிரியா டேங்கின் பக்கவாட்டைப் பார்த்தாள். இடுப்புயரத்தில் விரல் பருமனில் ஒரு எஃகு உறை உள்நோக்கிப் போகும். இரண்டு மாதத்துக்கு முன் பெங்களூரு தலைமை அலுவலகத்திலிருந்து நாகேந்திரன் என்ற பொறியாளர் வந்து, அந்த உறைக்குள் வெப்பத்தை அளக்கும் நீண்ட ஊசி ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். ஊசி சொல்வதைக் கேட்டு, சுவரில் மாட்டிய பெட்டி தானாகக் குளிர்நீரைத் திறக்கும், மூடும். பெங்களூருவில் ஒரு திரையில் அத்தனையும் தெரியும்.

உறை காலியாக இருந்தது.

"அக்கா," என்றாள் கவிப்பிரியா மெதுவாக. "ஊசி பூஜையில இருக்கு."

பொன்னியம்மா ஒரு கால் பூட்ஸுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றாள்.

புதன்கிழமை ஆயுத பூஜை. ஷட்டரில் வாழைக்கன்று கட்டி, அலுவலக அறை மேஜையில் சாமி படம் வைத்து, பொரியும் கடலையும் கொட்டியாயிற்று. அவரவர் தொழில் சாமானை வைக்க வேண்டும். பொன்னியம்மா நீளப் பிடி போட்ட பிரஷ்ஷை வைத்தாள். மேனேஜர் வரதன் சாவிக்கொத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் வைத்தார். கவிப்பிரியா எப்போதும் போல, சர்க்கரையை அளக்கும் கண்ணாடி மிதவையை வைத்தாள்.

அப்போதுதான் பொன்னியம்மா கேட்டாள்: "அந்த ஊசிக்கு மட்டும் பொட்டு கெடையாதா? ரெண்டு மாசமா ராப்பகலா ஒயச்சிகினு கீது. அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். கவிப்பிரியாவும் சிரித்துக்கொண்டே போய் ஊசியை உருவினாள். உறைக்குள் இருப்பதால் ஒரு சொட்டுச் சாறும் சிந்தவில்லை. ஒயர் நீளமானது, ஜன்னல் வழியாக மேஜை வரை தாராளமாக வந்தது. துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, விளக்கின் பக்கத்தில் படுக்க வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. வியாழக்கிழமை விடுமுறை. வரதன் மட்டும் வந்து தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். மற்ற வருடங்களில் கவிப்பிரியா விடுமுறையிலும் ஒரு நடை வந்து டேங்கைப் பார்ப்பாள். இந்த முறை, திரை பார்த்துக்கொள்ளும், யாரும் வரத் தேவையில்லை என்று பெங்களூருவிலிருந்து மெயில் வந்திருந்தது.

இத்தனை வருடம் மிதவையைப் பூஜையில் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மிதவை யாருக்கும் தகவல் சொல்லாது. இந்த ஊசி விளக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டும் பேசிக்கொண்டே இருந்தது. சூடு, சூடு என்றது. பெட்டி அதை நம்பி ஒன்றரை நாள் குளிர்நீரைத் திறந்துவிட்டது.

இருவரும் அலுவலக அறைக்கு ஓடினார்கள். பொரிக்கு நடுவே, காய்ந்த சந்தனத்தோடு, ஊசி படுத்திருந்தது.

வரதன் எட்டு மணிக்கு வந்தார். பூந்தமல்லிப் பக்கம் பழைய விவசாயக் குடும்பம். எதையும் அவசரமில்லாமல் கேட்பார். கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினார்.

"யாருக்கும் போன் பண்ணலியே?"

"இன்னும் இல்ல சார்."

"பண்ணாத. உக்காரு, கவி. இந்த ஒன்பதாம் டேங்க் எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அது சோதனை டேங்க். ஆள் கைபடாமல் திரையே இந்தச் சாற்றை நல்லபடியாக முடித்துவிட்டால், ஜனவரியிலிருந்து மண்ணூர்பேட்டையில் நொதிப்பாளர் என்ற பதவியே கிடையாது. குழாயைத் திறந்து மூட ஓர் ஆப்பரேட்டர் போதும். அப்படிச் சொல்லும் கடிதம் பெங்களூருவிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அதைப் பையிலேயே வைத்திருந்தாள்.

"இப்ப பாரு," என்றார் வரதன். "மெஷின் கெடுத்துடுச்சு. அவங்க கணக்குல அப்படித்தான் தெரியும். ஊசியத் துடைச்சு உள்ள சொருகிடு. நாம ஒண்ணும் சொல்ல வேணாம், அவங்களே எழுதிப்பாங்க, மெஷின் சரிப்படலன்னு. உன் வேலை நிலைச்சுடும். சாமியே பாத்துக் குடுத்த மாதிரி."

"நான் வாயத் தொறக்க மாட்டேம்மா," என்றாள் பொன்னியம்மா. "என் கையில சத்தியம் வாங்கிக்க."

கவிப்பிரியா ஊசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட்டின் சத்தம் தொடங்கியிருந்தது. துடைத்துச் செருக அரை நிமிடம் போதும். ஆசையாகத்தான் இருந்தது. போன மாதம் குமணன்சாவடியில் ஒரு கல்யாணத்தில், "இதுலல்லாம் எதிர்காலம் இருக்காம்மா?" என்று ஒரு சித்தப்பா கேட்டபோது அவளுக்குப் பதில் வரவில்லை. இப்போது பதில் கையிலேயே இருந்தது, குங்குமப் பொட்டோடு.

ஆனால் அதை நினைத்துப் பார்த்தபோது அவளுக்கு ரோஷம் வந்தது. ஒரு மெஷின் மேல் பழி போட்டுத் தங்க வேண்டிய வேலையா இது? டேங்கை எழுப்ப அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து நிற்க முடியாவிட்டால் அப்புறம் எதை வைத்து நிற்பது?

அங்கேயே நின்று நாகேந்திரனுக்குப் போன் செய்தாள்.

"சார், ஒன்பதாம் டேங்க் நின்னுடுச்சு. தப்பு என்னுது. ஊசிய எடுத்து ஆயுத பூஜையில வெச்சுட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "எதுல வெச்சீங்க?"

"பூஜையில சார். சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சு."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மேடம், புதன் சாயங்காலம் நாலேகாலுக்கு நாப்பத்தாறு டிகிரி காமிச்சுது. அது?"

"கற்பூரம்."

"வியாழக்கிழமை காலையில மறுபடி நாப்பத்தி மூணு?"

"மறுபூஜை சார். அதுவும் கற்பூரம்."

"ஐயோ," என்றார் நாகேந்திரன். "டேங்க் பொங்குதுன்னு நெனச்சு நானே இங்கேருந்து குளிர இன்னும் ஏத்தி விட்டேன். வீட்ல பொங்கலும் வடையும் சாப்ட்டுக்கிட்டே. காப்பாத்திட்டோம்னு என் பொண்டாட்டிகிட்ட பெருமை வேற." குரல் இறங்கியது. "அஞ்சாயிரம் லிட்டர் சாறு அஞ்சு நிமிஷத்துல இருபது டிகிரி ஏறாது. எனக்கு உறைச்சிருக்கணும். ஒரு போன் போட்டிருக்கணும்."

"டேங்க் போகாது சார். பெட்டிய அணைச்சு விடுங்க. ஏழு நாள் என்கிட்ட குடுங்க."

"எழுந்துக்குமா?"

"எழுப்பறேன்."

"அடுத்த வெள்ளி நேர்ல வரேன். நான் எழுத வேண்டியத எழுதித்தான் ஆகணும், கவிப்பிரியா."

"எழுதுங்க சார்."

திரும்பியபோது வரதன் கதவோரம் நின்றிருந்தார். "ஜாதகத்துலயே எழுதியிருக்கு போல உனக்கு," என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஐந்து நிமிடம் கழித்து, "சரி, இன்னா வேணும் சொல்லு," என்று அவரே வந்து கேட்டார்.

முதலில் சூடு வேண்டும். ஆலையில் குளிரவைக்கத்தான் வசதி உண்டு, சூடாக்க இல்லை. அம்பத்தூரில் ஒயினைச் சூடாக்க வேண்டியிருக்கும் என்று யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். கவிப்பிரியா மொட்டைமாடியைப் பார்த்தாள். அங்கே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வெயிலில் நின்றது. மத்தியானம் அதிலிருந்து வரும் தண்ணீரில் கை கழுவினால் எல்லோரும் கத்துவார்கள். அந்தத் தண்ணீரை ஹோஸ் வழியாக இறக்கி, குளிர்நீர் ஓடும் அதே பாதையில் டேங்கைச் சுற்றி ஓடவிட்டாள். வெளியே வந்ததைப் பொன்னியம்மா பிடித்து மறுபடி மேலே ஏற்றினாள். வெள்ளி மாலை பதினான்கு. சனி மாலை இருபத்துமூன்று. அந்த ஐயாயிரம் லிட்டர் ஊரில் பனி கரைந்தது.

வாளியில் குமிழி வரவில்லை.

"தூங்கறதுங்க எழுந்துக்கல," என்றாள் பொன்னியம்மா. "செத்துட்டுதுங்களா?"

"சிலது செத்திருக்கும். சிலதுக்கு எழுந்துக்கத் தெம்பில்ல. வெளியேருந்து புது ஆள் அனுப்பணும்க்கா. உறை ஊத்தணும்."

தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான், ஆனால் பொறுமை அதிகம் வேண்டும். டேங்கில் இப்போது பாதி ஒயின். அதற்குள் புது ஈஸ்ட்டை நேராகப் போட்டால் அந்தச் சாராயக் காரத்திலேயே செத்துவிடும். தனியாக ஒரு வாளியில், கொஞ்சம் சாற்றில் அவற்றை வளர்க்க வேண்டும். அப்புறம் டேங்கின் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். வாளியில் இருப்பவை பழகிய பிறகுதான் டேங்குக்குள் அனுப்பலாம்.

"புது மருமவ மாதிரின்னு சொல்லு," என்றாள் பொன்னியம்மா. "முதல் நாளே மாமியாரக் காட்டிட்டா ஓடிப்பூடும்."

ஞாயிற்றுக்கிழமை கவிப்பிரியா அவசரப்பட்டாள். காலையில் நுரை கட்டிய வாளியைப் பார்த்ததும் மனசு துள்ளி, டேங்க் ஒயினை ஒரு குவளைக்குப் பதில் நான்கு குவளை ஊற்றினாள். மத்தியானத்துக்குள் நுரை அடங்கி, வாளி முகம் செத்துப்போனது. பதினைந்து லிட்டரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதாயிற்று. பொன்னியம்மா காலி வாளியை வாங்கி, பாட்டில்லாமல் தேய்த்துக் கழுவினாள். அவள் பாடாமல் கழுவுவது அபூர்வம். அதுவே திட்டு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே பாரிவாக்கத்து வீட்டிலிருந்து வண்டியை எடுத்தாள். வழியில் அயனம்பாக்கத்தில் தூறல் பிடித்தது. புதிதாக ஒரு வாளி ஈஸ்ட் வளர்த்து, இந்த முறை கடிகாரத்தைப் பார்த்து ஊட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குவளை. நுரை தணிந்தால் காத்திருப்பாள், எழுந்தால் மட்டும் அடுத்தது. இடையில் வாளிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, காதைச் சாய்த்துக் கேட்டாள். நுரைக்குள் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. தொலைவிலுள்ள சந்தை. ஆட்கள் கூட ஆரம்பித்துவிட்டார்கள், இன்னும் யாரும் கூவவில்லை. அவளுக்குப் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்த தவறுகூட இப்போது அவளுக்குத் தெரிந்த விஷயங்களில் ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

செவ்வாய் மாலை உறையை டேங்கில் ஊற்றினார்கள். புதன் காலை பொன்னியம்மாதான் முதலில் வந்திருந்தாள். வாசலிலேயே நின்று ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒண்ணு வந்துச்சு. இப்பத்தான். என் கண்ணால பாத்தேன்."

இருவரும் வாளி முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். நீண்ட நேரம் கழித்து இன்னொரு குமிழி மேலே வந்து உடைந்தது. பத்து மணிக்கு நிமிடத்துக்கு ஒன்று. வரதன் அன்று ஸ்டாம்ப் போட வேண்டிய காகிதங்களை எடுத்துவந்து வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டார்.

வெள்ளிக்கிழமை நாகேந்திரன் வந்தபோது வாளி கொதித்துக்கொண்டிருந்தது. கவிப்பிரியா மிதவையைச் சாற்றில் விட்டுக் காட்டினாள். எட்டில் நின்ற சர்க்கரை மூன்றுக்கு இறங்கியிருந்தது. நாகேந்திரன் நெடுநெடுவென்றிருந்தார், கையில் லேப்டாப் பை. ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஒயினை வாங்கி முகர்ந்து, ஒரு மிடறு குடித்து, வாயில் வைத்திருந்து துப்பினார்.

"காடி வாசனை இல்ல."

"வராது சார். நாலு நாள்ல முடிஞ்சுடும்."

அவர் லேப்டாப்பை அலுவலக மேஜையில் திறந்தார். "நான் ரெண்டு விதமா எழுதலாம். மெஷின் சரியாத்தான் வேலை செஞ்சுது, ஆள் தப்புன்னு எழுதினா உண்மை. ஆனா உங்க போஸ்ட் போயிடும். இல்லன்னா கொஞ்சம் பூசி மெழுகி—"

"பூச வேணாம் சார். என் தப்ப முதல்ல எழுதுங்க. அதுக்குக் கீழ நீங்க ஏத்தி விட்டத எழுதுங்க. அதுக்குக் கீழ இந்த ஏழு நாள எழுதுங்க. ஞாயித்துக்கிழமை கொட்டின பதினஞ்சு லிட்டரையும் சேத்து."

நாகேந்திரன் அவளைப் பார்த்தார். எழுத ஆரம்பித்தார். சந்தேகம் வந்த இடங்களில் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போன் வந்தது. உற்பத்திப் பிரிவின் தலைவர் கிருஷ்ணப்பிரியா. நாகேந்திரன் ஸ்பீக்கரில் போட்டார்.

"கவிப்பிரியா, படிச்சேன். நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. மெஷின் தோத்துடுச்சுன்னு முடிவு பண்ணியிருப்போம். உங்களுக்கு அதான லாபம்? ஏன் சொன்னீங்க?"

"சொல்லலன்னா நீங்க வேற மெஷின் வாங்குவீங்க மேடம். அதுலயும் ஒரு ஊசி இருக்கும். அடுத்த தடவ கழுவறதுக்கோ, எலி கடிச்சோ, அது வெளிய வரும். தான் எங்க இருக்கோம்னு ஊசிக்குத் தெரியாது. டேங்குக்குள்ள இருந்தாலும் சாமி முன்னாடி இருந்தாலும் அதே மாதிரிதான் பேசும். பக்கத்துல ஒரு ஆள் வேணும்."

"பத்து வருஷம் கழிச்சும் ஆள் வேணுமா?"

"வேணும் மேடம். என்னை மாதிரியே வேணும்னு சொல்லல. நாலு வருஷம் முன்னாடி எனக்கு மிதவை மட்டும் தெரிஞ்சா போதும். இப்ப உங்க திரையும் தெரியணும். அத பெங்களூர்ல வெச்சிருக்கீங்க. இங்க அனுப்புங்க. ரெண்டையும் ஒரே ஆள் பாக்கணும். நானே பாக்கறேன்."

பொன்னியம்மா கதவுக்கு வெளியே பிரஷ்ஷோடு அசையாமல் நின்றாள். போனில் யாரோ பேனாவைத் தட்டும் சத்தம்.

"எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு வரும் உங்களுக்கு," என்றார் கிருஷ்ணப்பிரியா. "ஊசிய எடுத்ததுக்கு. நாகேந்திரன், உங்களுக்கும்."

"வரட்டும் மேடம்," என்றாள் கவிப்பிரியா. நாகேந்திரன் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஜனவரியில போஸ்ட்ட எடுக்கல. ஒரு வருஷம் பாக்கறேன். திரை அங்க வரும். ஓசூர்ல ரெண்டு டேங்க் இதே பெட்டியில ஓடுது. அதுல எதாவது கோணலா தெரிஞ்சா முதல் போன் உங்களுக்குத்தான் வரும், போய்ப் பாக்கணும்னா போகணும். சரியா?"

"சரி மேடம். ஒரு விஷயம். அங்கேருந்து குளிர ஏத்தறதோ இறக்கறதோ என்னைக் கேக்காம பண்ணக் கூடாது."

நாகேந்திரன் லேசாக இருமினார். ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எழுதிக்கறேன்," என்றார் கிருஷ்ணப்பிரியா.

ஒரு வருடம் என்பது பெரிய காலமில்லை. ஆனால் கவிப்பிரியாவுக்கு அது குறைவாகத் தெரியவில்லை. ஓர் ஊர் எழுந்து நடக்க ஏழு நாள் போதுமானதாக இருந்தது.

சாப்பிட்டதும் அவள் ஒரு தகரத் துண்டும் சிவப்பு பெயிண்ட்டும் தேடி எடுத்தாள். ஷெட் தரையில் உட்கார்ந்து எழுதி, காயவைத்து, சுவரிலுள்ள பெட்டிக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினாள். பொன்னியம்மா இடுப்பில் கைவைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஊசியைத் தொடும் முன்... கவிப்பிரியாவிடம்... கேட்கவும்." அதற்குக் கீழே போன் நம்பர் இருந்தது. "அடிப்பாவி, பேரோட போட்டுட்டியா? அப்ப நீ எங்கயும் போவ முடியாதே."

"அதுக்குத்தான்க்கா போட்டேன்," என்றாள் கவிப்பிரியா. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாளியைப் பார்க்கப் போனாள்.